தோல் பவளம் அழுகத் தொடங்கினால்

சித்திரைக் கடைசியில் ஒருநாள் காலை, கடல்நீர்த் தொட்டியின் விளக்கைப் போட்டதும், காளான் வடிவில் வளரும் என் தோல் பவளத்தின் குடைமேல் ஒரு கரும்புள்ளி கண்ணில் பட்டது. சட்டைப் பொத்தான் அளவுதான். இரவு கடையை மூடிவிட்டு வந்து பார்த்தபோது இரண்டு பொத்தான் அகலத்துக்குப் பரவியிருந்தது. அன்றிரவே அறுத்துவிட்டேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று முன்பொரு முறை விட்டதில் ஒரு முழுப் பவளத்தையும் இழந்திருக்கிறேன். அழுகல் என்று தெரிந்த பிறகு காத்திருப்பதில் பயன் இல்லை.

கும்பகோணத்தில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் மூன்றடித் தொட்டி. ஏறக்குறைய 180 லிட்டர் உப்புநீர். வளர்ப்பதெல்லாம் மென்பவளங்கள்தாம். பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கடல்விசிறியும் அப்படியே. மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் கையால்கூடத் தொடாதீர்கள். தோல் பவளத்தைக் கடையில் லெதர் கோரல் என்று கேட்க வேண்டும். இறக்குமதி ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

முதலில் அது நோய்தானா என்று பாருங்கள். தோல் பவளம் அவ்வப்போது சட்டை உரிக்கும். குடைமேல் பூப்போல் விரியும் சிறு பாலிப்புகள் எல்லாம் உள்ளே போய்விடும். குடை முழுவதும் மங்கி, மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் படியும். சில நாள், சில சமயம் இரண்டு வாரம்கூட அப்படியே இருக்கும். பயப்பட வேண்டாம், நீரோட்டத்தை மட்டும் கூட்டுங்கள். அழுகல் வேறு மாதிரி. அது ஓர் இடத்தில் தொடங்கும், கறுத்திருக்கும், நாளுக்கு நாள் பரவும். மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்சு வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தண்ணீரை மெல்லப் பீய்ச்சுங்கள். சட்டை உரிப்பது என்றால் மெல்லிய தாள்போல் படலம் கழன்று, அடியில் பளிச்சென்ற தோல் தெரியும். அழுகல் என்றால் சதை துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து, அடியில் குழி தெரியும்.

அறுப்பதற்கு முன் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். தொட்டிகளில் வளர்க்கும் ஸோவாந்தஸ் என்ற பொத்தான் பவள வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையில் வெட்டுக்காயம் இருந்தாலோ, சாறு கண்ணில் தெறித்தாலோ மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு ஆகிவிடும். பவளம் ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருபோதும் வெந்நீரில் போடாதீர்கள். அந்த ஆவியே ஆளைச் சாய்த்துவிடும்.

மூன்று பிளாஸ்டிக் பாத்திரங்களில் தொட்டி நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் பவளத்தை வைத்து, புதிய அறுவைப் பிளேடால் கருமைக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து அறுக்க வேண்டும். நான் பிழைப்புக்கே கத்தரி பிடிப்பவள். இருந்தும் சொல்கிறேன், கத்தரி வேண்டாம், அது சதையை நசுக்கும். பிளேடு போகும்போது ஈரமணலை அறுப்பதுபோல் நறநறக்கும். சதைக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்பு முட்கள் அவை. அறுத்த முகம் வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் நல்ல சதைக்கு வந்துவிட்டீர்கள். பழுப்புக் கோடு ஒன்று ஓடினாலும் இன்னொரு முறை அறுங்கள். மனம் வராது, ஆனாலும் அறுங்கள்.

இரண்டாவது பாத்திரத்தில் அலசி, மூன்றாவதில் பவளத்துக்கென்று விற்கும் அயோடின் கரைசலை அதன் புட்டியில் சொன்ன அளவுக்குக் கலந்து, சொன்ன நேரம் மட்டும் முக்குங்கள். அந்த நீர் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. இறால் பண்ணைக்காரர்களிடம் ஆன்டிபயாடிக் வாங்கித் தொட்டியில் கொட்டும் யோசனையும் வேண்டாம். வடிகட்டியில் நமக்காக உழைக்கும் பாக்டீரியாக்களும் அதில் செத்துப்போகும். கழிவு உப்புநீரைத் தென்னம்பாத்தியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். உப்பு ஏறிய மண் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

காயம்பட்ட தோல் பவளம் நீரில் நஞ்சு கசியவிடும். பக்கத்துப் பவளங்கள் சுருங்கிப்போகும். ஆகவே வடிகட்டியில் நஞ்சை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பன் பை ஒன்றைப் புதிதாகப் போடுங்கள். மறுநாள் ஐந்தில் ஒரு பங்கு நீரை, அதே வெப்பத்திலும் அதே உப்பிலும் கலந்து வைத்த நீரால் மாற்றுங்கள்.

இதெல்லாம் வைத்தியம். காரணத்தையும் தேட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் பிளேடு எடுக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் காரணம் பித்தளைக் குடம். கோடையில் மின்விசிறியைத் தொட்டிமேல் திருப்பி வைப்பேன். வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், கூடவே நாளுக்கு மூன்று லிட்டர் நீரும் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, எனவே ஈடுகட்ட உப்பில்லாத ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். அந்த நீரை அம்மா வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேய்த்த குடத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள். நல்ல பொருளை நல்ல பாத்திரத்தில் வைக்கும் கை அது. ஆனால் பித்தளையில் பெரும்பங்கு செம்பு. முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்குச் செம்பு மிகச் சிறிய அளவிலேயே விஷம். பவளத்தில் புள்ளி விழுவதற்கு ஒரு வாரம் முன்பே நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. அதை நான் கவனித்திருக்க வேண்டும். நத்தை விழுந்தால் நீரைச் சந்தேகப்படுங்கள்.

தொட்டி இருக்கும் அறையில் கொசு ஸ்பிரே அடிக்காதீர்கள். காற்றுப் பம்பு அதையும் உறிஞ்சி நீருக்குள் அனுப்பும்.

வேறு கோளாறுகளும் வரும். ஸோவாந்தஸ் மூடியே கிடந்தால் இரவில் டார்ச் அடித்து, காம்பில் ஒட்டி அதைத் தின்னும் கடல் நத்தையோ அதன் முட்டைச் சுருளோ இருக்கிறதா என்று தேடி, இடுக்கியால் எடுங்கள். பவளம் வெளுத்துப் போனது என்றால் காரணம் பெரும்பாலும் வெப்பம் அல்லது வெளிச்சம். விளக்கைக் குறைத்து, நீரை 26 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பழுப்புக் கூழ் படிந்தால் பம்புகளை நிறுத்தி, கூழைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றிய பிறகே பவளத்தைத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தொட்டியெங்கும் பறக்கும்.

அறுத்த பவளத்தைக் கல்லில் நிறுத்துவது தனி வேலை. வழுவழுப்பினால் பசை பிடிக்காது. நான் தைத்துவிடுகிறேன். சாயம் இல்லாத வெள்ளை நூல், தடித்த ஊசி, காம்பின் அடியில் ஒரே தையல், கல்லைச் சுற்றி ஒரு தளர்ந்த முடிச்சு. இறுக்கினால் நூலே சதையை அறுத்துவிடும். அறுத்ததில் மிஞ்சிய நல்ல துண்டு இருந்தால் எறியாதீர்கள். சிறு கல்துண்டுகள்மேல் வைத்து, லெஹங்காவுக்குப் போடும் வெள்ளை நெட் துணியால் மூடிக் கட்டி, ஓட்டம் மெதுவான இடத்தில் வையுங்கள். பெரிய பவளத்துக்கு நல்ல ஓட்டம், மிதமான வெளிச்சம். ஒரு வாரம் கை வைக்கவே கூடாது.

பத்தாம் நாள் அறுத்த விளிம்பு உள்ளே சுருண்டு மூடியிருந்தது. இருபதாம் நாள் நூலை வெட்டி எடுத்தேன். கல்லை மெல்லச் சாய்த்துப் பார்த்தேன். பவளமும் கூடவே சாய்ந்தது.