மிட்வெஸ்டில் சின்ன ஊர் பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

வீட்டிலிருந்தே வேலை என்றானதும், சிகாகோ புறநகரின் வாடகையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு மணி நேரம் தள்ளியுள்ள சின்ன ஊர்களில் வீடு தேடும் நம்மவர்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்கும் கேள்விகள் மாறுவதே இல்லை. பள்ளிக்கு எத்தனை மதிப்பெண்? வால்மார்ட் எத்தனை மைல்? பக்கத்தில் தமிழ்க் குடும்பம் யாராவது உண்டா? இதற்கெல்லாம் கைபேசியிலேயே பத்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். நல்ல கோட் வாங்குங்கள், குளிர்கால டயர் மாட்டுங்கள் என்றும் இங்கே சொல்லப்போவதில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் வந்தவர்கள் கைக்காசைக் கொட்டிக் கற்றுக்கொண்ட சில விஷயங்களில், போன மாதம் வந்தவர்களும் அப்படியே போய் விழுகிறார்கள். அவை மட்டும்தான் இங்கே.

ஜூன் மாதம் போய்ப் பார்த்து முடிவெடுப்பது

ஜூனில் எந்த ஊரும் அழகுதான். கோர்ட் ஹவுஸ் சதுக்கத்தில் கொடி பறக்கும், சோளம் முழங்கால் உயரம் நிற்கும், சனிக்கிழமைச் சந்தையில் எல்லாரும் சிரித்துப் பேசுவார்கள். பார்க்க வேண்டிய மாதங்கள் வேறு: பனி உருகும் மார்ச் தொடக்கம், அறுவடை நடக்கும் அக்டோபர்.

மார்ச்சில் போனால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, யார் வீட்டு பேஸ்மென்டிலிருந்து குழாய் போட்டு வாசலுக்குத் தண்ணீரை இறைக்கிறார்கள் என்பது காரில் உட்கார்ந்தபடியே தெரியும். அக்டோபரில் ஊரோரத் தானியக் களஞ்சியத்தில் சோளத்தை உலர்த்தும் ராட்சத மின்விசிறிகள் இரவும் பகலும் ஓடும். வாரக்கணக்கில். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க முடியாது. அறுவடை முடிந்த கையோடு பன்றிப் பண்ணைகளின் சாணக் குழிகளைக் காலி செய்து வயலுக்குள் செலுத்துவார்கள். அயோவாவில் மனிதர்களைவிடப் பன்றிகள் ஏழு மடங்கு. வாடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோடையில் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து அடிக்கும். அதனால் செயற்கைக்கோள் படத்தில், பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்குத் தெற்கே இரண்டு மைலுக்குள் பன்றிக் கொட்டகைகளின் வெள்ளைக் கூரைகள் நீளநீளமாக வரிசையாகத் தெரிகிறதா என்று தேடுங்கள்.

தண்டவாளத்தைக் கவனிக்காதது

பொதுவாக ஒவ்வொரு கிராசிங்குக்கும் 15 முதல் 20 விநாடி முன்பே ரயில் ஹார்ன் அடிக்க வேண்டும் என்பது சட்டம்: இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம். நடுராத்திரியிலும் அப்படித்தான். ஒரு இரவு அந்த ஊரில் தங்கிப் பாருங்கள்.

விற்பவரின் வரி ரசீதை நம்புவது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் நிற்காத தவறு இதுதான்.

வீட்டு விற்பனைத் தளங்களில் விலைக்குக் கீழே "சொத்து வரி: ஆண்டுக்கு 2,088 டாலர்" என்று போட்டிருக்கும். அதை எடுத்து 12-ஆல் வகுத்து மாதத் தவணையோடு சேர்த்துவிட்டு, "கட்டுப்படியாகும்" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது விற்பவரின் வரி. வாங்குகிறவருக்கு வரப்போகும் வரி அல்ல.

இந்தக் குழி மிச்சிகனில்தான் மிக ஆழம். 1994-ல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட புரொப்போசல் ஏ என்ற திருத்தத்தின்படி, ஒரே உரிமையாளர் வைத்திருக்கும்வரை வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்குப் பணவீக்க விகிதம் அல்லது 5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவுதான் ஏறலாம். சந்தை விலை எவ்வளவு ஏறினாலும் இந்த மூடி கழன்றுகொள்ளாது. வீடு கைமாறிய அடுத்த ஆண்டுதான் கழலும். அப்போது வரி மதிப்பு ஒரே தாவலில் எஸ்இவி என்று அழைக்கப்படும் மதிப்புக்கு, அதாவது சந்தை மதிப்பில் பாதிக்கு, போய்விடும். அங்கே இதை 'அன்கேப்பிங்' என்பார்கள்.

ஒரு உதாரணம். வீட்டின் சந்தை மதிப்பு 2,40,000 டாலர். எஸ்இவி 1,20,000. விற்பவர் 1996-லிருந்து அங்கேயே இருந்தவர் என்பதால் அவருடைய வரி மதிப்பு வெறும் 58,000. குடியிருப்போருக்கு ஊரின் வரி விகிதம் 36 மில், அதாவது ஆயிரம் டாலருக்கு 36 டாலர். விற்பவர் கட்டியது 2,088. நீங்கள் கட்டப்போவது 4,320. மாதத்துக்கு 186 டாலர் கூடுதல். ஆனால் முதல் ஆண்டு முழுக்க எதுவுமே மாறாது. பழைய வரிதான் வரும். அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

அடி அதற்குப் பிறகுதான். கடன் கொடுத்த வங்கி வரிக்காக மாதாமாதம் பிடிக்கும் எஸ்க்ரோ தொகையையும் பழைய ரசீதை வைத்தே கணக்கிட்டிருக்கும். இரண்டாம் ஆண்டு பெரிய ரசீது வந்ததும் வங்கி தன் பணத்தைப் போட்டுக் கட்டிவிட்டு, குறைந்த 2,232 டாலரை அடுத்த பன்னிரண்டு மாதத்தில் உங்களிடம் வசூலிக்கும். அதோடு புதிய விகிதத்துக்கும் பிடிக்கும். 186-ம் 186-ம் சேர்ந்து தவணை ஒரே மாதத்தில் 372 டாலர் ஏறிவிடும். இப்படி வங்கிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "வட்டி நிலையானது என்றுதானே சொன்னார்கள்?" என்று கேட்ட ஓர் இளம் தம்பதிக்கு, வட்டி நிலையாகத்தான் இருக்கிறது, ஏறியது வரி என்று புரியவைக்க ஒரு மாலைப்பொழுது ஆனது. பக்கத்து வீட்டுத் தாத்தா அச்சு அசலான வீட்டுக்குப் பாதி வரிதான் கட்டுகிறார் என்பது அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பரிகாரமும் கிடையாது. மார்ச்சில் கூடும் ரிவ்யூ போர்டில் (வரி மதிப்பு பற்றிய முறையீடுகளைக் கேட்கும் உள்ளூர்க் குழு), மதிப்பு அதிகம் என்று வாதாடலாம். மூடி கழன்றதை எதிர்த்து வாதாட முடியாது.

இதற்கு மேல் இன்னொரு குட்டு உண்டு. குடியிருக்கும் வீடு என்று படிவம் 2368-ஐக் கொடுத்தால் பள்ளிச் செலவுக்கான 18 மில் வரை வரி விலக்குண்டு. கோடை ரசீதுக்கு ஜூன் 1, குளிர்கால ரசீதுக்கு நவம்பர் 1 கடைசி நாள். மேலே சொன்ன வீட்டில் இதை மறந்தால் 4,320 என்பது 6,480 ஆகிவிடும். பத்திரம் முடியும் நாளில் தள்ளப்படும் காகிதக் கட்டில் இந்தப் படிவம் பெரும்பாலும் இருக்கும். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் வேலை என்று மட்டும் எவரும் சொல்வதில்லை. உங்கள் வேலைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சொத்துக் கைமாறியதைத் தெரிவிக்கும் எல்-4260 படிவத்தையும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. ரசீதில் வரித் தொகையைப் பார்க்காதீர்கள். இந்த ஆண்டின் எஸ்இவியைப் பாருங்கள். அதைக் குடியிருப்போருக்கான மில் விகிதத்தால் பெருக்குங்கள். மாநிலக் கருவூலத் துறையின் இணையதளத்திலும் இதற்கென்றே ஒரு கணிப்பான் இருக்கிறது. வரும் தொகையை வங்கியிடம் கொடுத்து, எஸ்க்ரோவை முதல் மாதத்திலிருந்தே இதன்படி பிடிக்கச் சொல்லுங்கள். வங்கி மறுத்தால் வித்தியாசத்தை நீங்களே தனியாக ஒதுக்கி வையுங்கள். சொத்துக்கு மதிப்புப் போடும் டவுன்ஷிப் அசெஸரிடமும் கேட்கலாம். சின்ன ஊர்களில் அவர் வாரத்தில் ஒருநாள்தான் வருவார் என்பதால் குரல் பதிவு விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

மற்ற மிட்வெஸ்ட் மாநிலங்களில் மூடி இப்படிக் கழலாது என்றாலும் ரசீதை அப்படியே நம்ப முடியாது. இல்லினாயில் விற்பவர் 65 வயது கடந்தவரானால் அவருக்குக் கிடைத்த முதியோர் சலுகை அவரோடு போய்விடும். இண்டியானாவில் குடியிருப்பு வீட்டுக்கு வரி உச்சவரம்பு மதிப்பில் 1 சதவீதம், வாடகை வீட்டுக்கு 2. சொந்தமாகக் குடியிருப்பவர்களுக்கான ஹோம்ஸ்டெட் சலுகை பதிவாகாவிட்டால் உங்கள் வீடும் இரண்டாவது கணக்கில் போய்விடும். புதிதாகக் கட்டிய வீட்டை வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்த மாநிலங்களில் வரி ஒரு வருடம் பிந்தி வருவதால் முதல் ரசீதில் வெறும் மனைக்குத்தான் வரி இருக்கும். அந்தச் சின்ன எண்ணைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் உண்டு.

ஒஹாயோவில் ஊர்ப் பெயரை மட்டும் பார்ப்பது

ஒஹாயோவில் நகரங்கள் தனியாக வருமான வரி வாங்கும். நீங்கள் வேலை பார்க்கும் நகரத்துக்கும் கட்டி, குடியிருக்கும் நகரத்துக்கும் கட்ட நேரலாம். முதலாவதில் கட்டியதை இரண்டாவது எவ்வளவு கழித்துக்கொள்ளும் என்பது ஊருக்கு ஊர் மாறும். சில பள்ளி மாவட்டங்களும் தனியாக வருமான வரி போடும். இதைக் குடியிருப்பவர்கள் எல்லாரும் கட்ட வேண்டும், வேலை எங்கே இருந்தாலும் சரி. சேர்ந்தவுடன் அலுவலகத்தில் கொடுக்கும் படிவத்தில் பள்ளி மாவட்டத்தின் நான்கு இலக்க எண்ணைப் போடாவிட்டால் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். ஆண்டு முடிவில் மொத்தமாக வந்து நிற்கும். ஒரே தெருவின் இரு பக்கமும் வெவ்வேறு மாவட்டமாக இருக்கும். ஊர் பெயரை வைத்துத் தேடாதீர்கள், கதவு எண்ணோடு முகவரியைப் போட்டுத் தேடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்பது

ஊர் எல்லைக்கு வெளியே ஐந்து ஏக்கரில் வீடு என்றால் சொந்தக் கிணறு, சொந்த செப்டிக் தொட்டி. நம் வீடுகளில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் நல்ல பழக்கம்தான். ஆனால் இங்கே பிரச்சினை கிருமி மட்டுமல்ல, சோள வயலுக்கு இட்ட உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டும்தான். கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகிக் குறையும், நைட்ரேட் அப்படியே நிற்கும்; அடர்த்தி கூடும். குடத்தில் மாட்டும் கரி வடிகட்டியாலும் போகாது. ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் கருவி வேண்டும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தண்ணீரில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கலாம். ஊராட்சித் தண்ணீர் அரசு விதிப்படி சோதிக்கப்படும், உங்கள் கிணற்றை நீங்கள்தான் சோதிக்க வேண்டும். அயோவாவில் கவுண்டி சுகாதாரத் துறையே இலவசமாகச் செய்து தருகிறது.

அங்கே எரிவாயுக் குழாயும் வராது, புரொப்பேன் தொட்டிதான். தொட்டி வாடகைக்கு என்றால் அந்த விநியோகஸ்தரிடம் மட்டுமே நிரப்ப முடியும். ஆகஸ்டிலேயே விலை பேசி முன்பணம் கட்டிவிடுங்கள். 2013 இலையுதிர் காலத்தில் ஈரமான சோளத்தை உலர்த்தவே புரொப்பேன் பெருமளவு தீர்ந்துபோக, அடுத்து வந்த ஜனவரிக் கடுங்குளிரில் மிட்வெஸ்ட் முழுக்க விலை தாறுமாறாக ஏறியது.

பேஸ்மென்ட்

பேஸ்மென்டில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்புக்கு பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். மழையும் மின்வெட்டும் ஒன்றாகத்தான் வரும். சாக்கடை, சம்ப் பின்னோக்கிப் பொங்குவதைச் சாதாரண வீட்டுக் காப்பீடு ஏற்காது, தனியாகச் சேர்க்க வேண்டும். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடானுக்கு 48 மணி நேரச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அயோவாவின் 99 கவுண்டிகளும் அதிக ஆபத்துப் பட்டியலில் இருக்கின்றன.

ஒரே கம்பெனி ஊரில் வீடு வாங்குவது

அயோவாவின் நியூட்டன் என்றால் மேடேக் வாஷிங் மெஷின். 2006-ல் வேர்ல்பூல் அதை வாங்கியது, 2007-ல் ஆலை மூடியது. இல்லினாயின் கேல்ஸ்பர்கில் மேடேக் குளிர்பதனப்பெட்டி ஆலை 2004-லேயே போய்விட்டது. விஸ்கான்சினின் ஜேன்ஸ்வில்லில் ஜெனரல் மோட்டார்ஸ் 2008 டிசம்பரில். வேலை போகும் அதே மாதத்தில் வீட்டு விலையும் போகும் என்பதுதான் இதில் சிக்கல்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கடி. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் புது நிறுவனத்தைப் பிடிக்க, 45 நிமிடப் பயணத்துக்குள் வேறு யார் ஆளெடுக்கிறார்கள் என்று வீடு வாங்குவதற்கு முன்பே எழுதிப் பாருங்கள். மருத்துவமனை, கல்லூரி, கவுண்டித் தலைமையகம் மூன்றும் உள்ள ஊர் கொஞ்சம் தாங்கும். "வீட்டிலிருந்துதானே வேலை, எங்கே இருந்தால் என்ன?" என்று சொல்லாமல் இடம் மாறவும் கூடாது. விசா மனுவில் காட்டிய பெருநகரப் பகுதிக்கு வெளியே போகிறீர்கள் என்றால், போவதற்கு முன்பே நிறுவனம் திருத்திய மனு போட வேண்டும்.

பிரசவ வார்டு

மருத்துவமனை இருக்கிறது என்பது போதாது. 25 படுக்கைக்கு மேல் இல்லாத சிற்றூர் மருத்துவமனைகள் பலவற்றில் இப்போது பிரசவம் பார்ப்பதில்லை. போன் செய்து கேளுங்கள்.

பள்ளிக்கு மதிப்பெண் மட்டும் பார்ப்பது

மிசௌரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பள்ளி மாவட்டம் வாரத்துக்கு நான்கு நாள்தான் நடக்கிறது. இருவரும் வேலைக்குப் போனால் ஐந்தாம் நாள் பிள்ளை எங்கே?

ஆற்றங்கரை அழகு

இல்லினாயின் வால்மையர், 1993 மிசிசிப்பி வெள்ளத்துக்குப் பிறகு ஊரையே மேட்டுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டது. வெள்ளக் காப்பீடு வாங்கிய நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். வீடு வாங்கும் கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. மழை அறிவிப்பு வந்தபிறகு வாங்கிப் பயனில்லை.

கோவிலும் கடையும்

பெரிய நகரத்தில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அயோவாவின் இந்துக் கோவில் டி மொய்னுக்குள் இல்லை. மூவாயிரம் பேர்கூட இல்லாத மேட்ரிட் என்ற ஊரில், சோளக்காடுகளுக்கு நடுவில் கோபுரத்தோடு நிற்கிறது. ஊர்க்காரர்கள் 'மேட்-ரிட்' என்று முதல் அசையை அழுத்திச் சொல்வார்கள். ஸ்பெயின்காரர் மாதிரி சொன்னால் வெளியூர் என்று உடனே தெரிந்துவிடும்.