பெட்டியில் கிடைத்த பழைய ரிவால்வர்: ராணுவக் கைத்துப்பாக்கிச் சேகரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த ஆர்வம் வரக் காரணம் தேட வேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில் 1938இல் எழுப்பிய பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சண்டை போட்ட சொல்தாக்களின் (பிரெஞ்சுப் படை வீரர்களின்) பிள்ளைகளும் பேரன்களும் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். தெற்கே கொஞ்ச தூரத்தில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்த இடம். இரண்டு பேரரசுகளின் படைகள் மாறி மாறி நடந்த கரை இது. ஆகவே வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ ஒரு பழைய ரிவால்வர் கிடைப்பது நடக்கக்கூடியதுதான். கிடைத்தால் என்ன செய்வது, கிடைக்காவிட்டாலும் இந்தத் துறைக்குள் எப்படி நுழைவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: கையை எடுங்கள்

நூறு வருடப் பழையதானாலும் உள்ளே தோட்டா இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். விசையைத் தொடக் கூடாது. திறந்து பார்க்கிறேன் என்று முயலவும் கூடாது. குழல் யார் பக்கமும் இல்லாதபடி இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளை அந்த அறைக்கு வெளியே அனுப்புங்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, தெரிந்தவர் வந்து சோதித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இரண்டாம் படி: சட்டம்

இதில் யாரும் சலுகை காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி சுடக்கூடிய துப்பாக்கிக்குப் பொதுவாக உரிமம் வேண்டும். உரிமம் வைத்திருந்த தாத்தா இறந்துவிட்டால், அந்தத் துப்பாக்கியை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் வாரிசுதாரராக உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்க முடியும். பரம்பரையாக வந்தவையும் இந்தக் கணக்கில் அடங்கும்.

ராணுவத் துப்பாக்கி என்றால் இன்னொரு முள் இருக்கிறது. .380, .455 அங்குல அளவில் அடியில் விளிம்புள்ள தோட்டாக்களையும், 9 மி.மீ., .45 ராணுவத் தோட்டாக்களையும் சுடும் கைத்துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்ட வகை. வெப்ளி, என்ஃபீல்ட், லூகர், கோல்ட் 1911 என்று புகழ்பெற்ற பெயர்களில் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும். தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டுகள் வரை சிறை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பழம்பொருள் மதிப்புள்ள அல்லது வழக்கொழிந்த ஆயுதம், பழுதுபார்த்தாலும் சுடவே முடியாத நிலையில் இருந்தால், 45ஆம் பிரிவு அதற்கு விலக்கு தருகிறது. வயது மட்டும் போதாது. கல் உரசும் தீப்பொறியால் சுடும் பழைய சக்கிமுக்கிக்கல் துப்பாக்கியானாலும், சுடும் நிலையில் இருந்தால் இந்த விலக்கு கிடையாது. "இது சும்மா ஷோ பீஸ் சார்" என்று கடைக்காரர் சொல்லும் வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். அதிகாரியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாம் படி: ஒரே ஒரு குடும்பத்தைப் படியுங்கள்

எல்லா நாட்டுத் துப்பாக்கிகளையும் ஒரே நேரத்தில் படித்தால் ஒன்றும் தங்காது. புதுச்சேரியில் இருப்பவர் பிரெஞ்சு வரிசையை எடுத்துக்கொள்வதே இயல்பு. அது அழகான வரிசையும்கூட.

1873ஆம் ஆண்டு மாடலிலிருந்து தொடங்கலாம். 11 மி.மீ., ஆறு தோட்டா, கையில் எடுத்தால் கனக்கும். வீரர்களுக்குக் கொடுத்ததில் கருநீலப் பூச்சு கிடையாது. வெள்ளை இரும்பாகவே விட்டார்கள். அதிகாரிகளுக்கான 1874 மாடலில் கருநீலப் பூச்சும் சிலிண்டரில் (தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையில்) பள்ளக் கோடுகளும் இருக்கும். பளபளக்கும் 1873ஐப் பார்த்து யாரோ பூச்சைச் சுரண்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது 1892 மாடல், 8 மி.மீ. இதன் சிலிண்டர் வலப்பக்கம் திறக்கும். இன்றைய ரிவால்வர்கள் பெரும்பாலும் இடப்பக்கம் திறப்பவை. முதல் உலகப் போர் முழுக்கப் பிரெஞ்சுப் படையில் இது இருந்தது. இதைப் பார்த்து பெல்ஜியத்திலும் ஸ்பெயினிலும் நிறைய நகல்கள் செய்து விற்றார்கள். அதனால் சட்டகத்தில் (துப்பாக்கியின் உடற்பகுதியில்) பிரான்சின் செயின்ட் எத்தியேன் ஆயுதச் சாலையின் பெயர் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

1915இல் பிரான்சுக்குக் கைத்துப்பாக்கிப் பற்றாக்குறை. ஸ்பெயினின் கபிலொண்டோ நிறுவனம் செய்த ரூபி பிஸ்டலை வாங்கத் தொடங்கினார்கள். 7.65 மி.மீ., ஒன்பது தோட்டா பிடிக்கும் மேகசின் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு). தேவை அதிகமானதும் ஏய்பர் பகுதியில் பல பட்டறைகள் அதையே செய்தன. அளவுகள் சரியாகப் பொருந்தாததால் ஒரு பட்டறையின் மேகசின் இன்னொன்றின் பிஸ்டலில் நுழையாது. அதற்காகவே மேகசின் அடியிலும் சட்டகத்திலும் பட்டறையின் எழுத்துகளைக் குத்தினார்கள். கபிலொண்டோவுக்கு 'ஜி.யூ.' என்ற ரோமன் எழுத்துகள். இரண்டு இடத்திலும் ஒரே எழுத்து இருந்தால் பிஸ்டலும் மேகசினும் ஒரே பட்டறையுடையவை. தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்பது என் கருத்து. ரூபி அழகில்லாத பிஸ்டல் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தக் கதையை இழக்கிறார்கள்.

பிறகு ஷார்ல் பெத்தே வடிவமைத்த 1935ஏ, அதன் உறவான 1935எஸ், 1950இல் வந்த 9 மி.மீ. மாக் 50. இந்தோசீனாவுக்குப் போன நம் ஊர்க்காரர்கள் பார்த்திருக்கக்கூடியது 1935 வரிசையை.

கடலூர்ப் பக்கத்து நண்பர்கள் ஆங்கில வரிசையைப் பிடிக்கலாம்: கிழக்கிந்தியக் கம்பெனியின் இதய வடிவ முத்திரை குத்திய சக்கிமுக்கிக்கல் பிஸ்டல்கள், 1915இன் வெப்ளி மார்க் 6, 1930களின் என்ஃபீல்ட் நம்பர் 2.

நான்காம் படி: முத்திரை படிப்பது

சோதித்துப் பாதுகாப்பானது என்று உறுதியான பிறகு, உரிமையாளர் முன்னிலையில் மட்டும். எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் லேசாகத் துடையுங்கள். உப்புத்தாள், புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். நம் கடற்காற்றில் துரு வேகமாக ஏறும் என்பது உண்மை. ஆனாலும் தேய்த்து அழித்த முத்திரை திரும்ப வராது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, அளவுகோலை அருகே வைத்துப் படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் எழும்பித் தெரியும்.

1892இல் குழலின் மேல் மாடல் பெயரும், வலப்பக்கம் ஆண்டும் இருக்கும். வெப்ளி மார்க் 6இலும் ஆண்டைத் தேடிப் பாருங்கள். பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கு அகன்ற அம்புக்குறி. அடுத்து வரிசை எண். சட்டகம், குழல், சிலிண்டர் மூன்றிலும் எண்கள் ஒத்துப்போனால் அது பிறந்தபடியே இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் போலி என்று முடிவு கட்டாதீர்கள். படைப் பட்டறைகளில் பாகம் மாற்றுவது அன்றாட வேலை.

ஐந்தாம் படி: காகிதமும் தோலும்

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிரெஞ்சுப் படையில் சாதாரணக் காலாட்படை வீரருக்கு ரிவால்வர் தரவில்லை. அதிகாரி, சார்ஜென்ட் தரத்தினர், இயந்திரத் துப்பாக்கி இயக்கியவர், ஜாந்தார்ம் (பிரெஞ்சு ராணுவக் காவலர்) போன்றவர்களுக்குத்தான். ஆகவே பழைய புகைப்படத்தில் இடுப்பில் ரிவால்வர் உறை தெரிந்தால், அவர் என்ன வேலை பார்த்தார் என்பதற்கு அதுவே ஒரு தடயம். அவருடைய 'லிவ்ரே மிலித்தேர்' என்ற படைப் புத்தகம் இருந்தால், எந்த ரெஜிமென்ட், எந்தப் போர்முனை, எந்த ஆண்டு என்று ஒப்பிட்டுவிடலாம். "தாத்தா 1914 சண்டையில் வைத்திருந்தது" என்று சொல்லும் துப்பாக்கியில் 1920க்குப் பிந்தைய தயாரிப்பு ஆண்டு முத்திரை இருந்தால், முத்திரையை நம்புங்கள். ஆனால் தாத்தாவின் கதையையும் தனியாக எழுதி வையுங்கள்.

தோல் உறை, பெல்ட், பதக்கம், பயிற்சிக் கையேடு, படம், ஓய்வூதியக் கடிதம் ஆகியவற்றுக்கு ஆயுத உரிமம் வேண்டாம். தொடங்குபவர் பணத்தை இவற்றில் போடுவதே சரி. துப்பாக்கிகளை நேரில் பார்க்க சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் போதும். ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். நூறு ஆண்டு தாண்டிய பழம்பொருளை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நாமாக வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பிரான்சில் இருக்கும் உறவினர் கேட்டாலும் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: மாடல், ஆலை, ஆண்டு, எண், முத்திரைகளின் படம், யாரிடமிருந்து வந்தது, அவர் சொன்னது, உரிமம் அல்லது ஒப்படைப்பு ரசீதின் நகல். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த நோட்டு இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.