வருஷக்கணக்கா ஷெட்ல நின்ன புல்லட்டை எழுப்பப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

பழைய புல்லட் பத்து பதினஞ்சு வருஷம் ஷெட்ல நின்னு கெட்டுப்போறதை விட, வெளிய இழுத்துப்போட்ட அன்னிக்கு நடக்கிற கூத்துல கெட்டுப்போறதுதான் அதிகம். தாத்தா வண்டி, அப்பா வண்டி, இல்லன்னா வெளிநாடு போன சித்தப்பா விட்டுட்டுப் போன வண்டின்னு ஏதோ ஒண்ணு மாட்டுக்கொட்டாய்ல சாக்கு போத்தி நிக்கும், ஒரு ஞாயித்துக்கிழமை பசங்க நாலு பேர் சேந்து இழுத்து வெளிய விடுவாங்க, பிரஷர் வாட்டர் அடிப்பாங்க, ரெண்டு லிட்டர் பெட்ரோல் ஊத்துவாங்க, எவன் பேட்டரியையோ கழட்டி மாட்டிட்டு ஆளுக்குப் பத்து கிக்னு மிதிக்க ஆரம்பிப்பாங்க. இதுல ஒவ்வொரு ஸ்டெப்பும் தப்பு. நின்ன வண்டி இன்னும் ஒரு மாசம் சும்மா நின்னா ஒண்ணும் ஆகாது, அவசரம் நமக்குத்தான்.

இங்க முக்கியமா பேசுறது திருவொற்றியூர்ல தயாரான, காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) சிலிண்டர் வெச்ச புல்லட் 350 பத்தி. 1955ல இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியோட சேந்து மெட்ராஸ்ல ஆரம்பிச்ச அதே 346 சிசி எஞ்சின்தான், போர் (சிலிண்டரோட உள்துளை) 70, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 90 மில்லிமீட்டர், சின்னச் சின்ன மாற்றத்தோட 2010 வாக்குல வரைக்கும் ஓடுச்சு. அதனாலதான் பார்ட்ஸ் இன்னும் ஜி.பி. ரோட்லயும் புதுப்பேட்டையிலயும் கிடைக்குது. யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டி வெச்சிருக்கவங்களுக்கும் நடுவுல கொஞ்சம் இருக்கு.

முதல் தப்பு ஸ்பானர்ல இல்ல, பேப்பர்ல. அம்பதாயிரம் செலவு பண்ணி முடிச்சப்புறம்தான் நிறைய பேர் ஆர்சி புக்கைத் தேடுறாங்க. பதிவு 15 வருஷம்தான், அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா ஃபார்ம் 25 போட்டு ரினியூ பண்ணணும், பைக் 20 வருஷம் தாண்டிட்டா 2025 ஆகஸ்ட்ல இருந்து அந்தக் கட்டணமே 2,000 ரூபாய், பசுமை வரி தனி. மூணெழுத்து நம்பர் இருக்கிற பழைய வண்டின்னா கம்ப்யூட்டர்லயே ஏறாம இருக்கலாம், ஆர்டிஓ ஆபீஸ்ல பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவை கம்ப்யூட்டர்ல ஏத்துறது) போடச் சொல்லி கேக்கணும். ஓனர் இறந்துட்டாருன்னா வாரிசு பேருக்கு மாத்த ஃபார்ம் 31, கூடவே அத்தைங்க சித்தப்பாங்க கையெழுத்து வேற தேவைப்படும், அதுக்கு எஞ்சின் வேலையை விட அதிக நாள் ஆகும்னு வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு, ஃபிரேமை சாண்ட் பிளாஸ்ட்டுக்கு (மணலை வேகமா அடிச்சு துரு, பெயிண்ட் எடுக்கிறது) அனுப்புறதுக்கு முன்னாடி சேஸிஸ் நம்பர் இருக்கிற இடத்தை போட்டோ எடுத்து, டேப் ஒட்டி மூடி அனுப்புங்க. நம்பர் மழுங்கிப்போச்சுன்னா இன்ஸ்பெக்டர் முன்னாடி நீங்க என்ன சொன்னாலும் எடுபடாது. அம்பது வருஷம் தாண்டின வண்டிக்கு வி.ஏ. சீரிஸ்ல விண்டேஜ் நம்பர் வாங்கலாம்னு 2021ல ரூல் வந்துச்சே, அதை கெத்துக்காக வாங்க ஓடாதீங்க. கட்டணம் 20,000, அதுக்கப்புறம் அந்த வண்டியை தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி ராலி மாதிரி விஷயத்துக்குத்தான். கடைக்குப் போக ஓட்டணும்னா சாதா ரினியூவலே போதும்.

சரி எஞ்சினுக்கு வருவோம். கிக் பண்ணாதீங்க. காஸ்ட் அயர்ன் போர், ஈரக்காத்துல உள்ள லேசா துரு கட்டியிருக்கும், பிஸ்டன் ரிங் அதுல ஒட்டியிருக்கும், கிக்கர் மேல ஏறி குதிச்சா ரிங் உடையும் இல்லன்னா கியர் பாக்ஸ்ல கிக்கரோட பால் (pawl, பல்லுல மாட்டுற கொக்கி) உடையும், ஏற்கனவே அது இந்த ஆல்பியன் கியர் பாக்ஸோட வீக்னஸ்தான். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி உள்ள கொஞ்சம் எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து ஊத்தி ரெண்டு மூணு நாள் விட்டுடுங்க. அப்புறம் சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு, டாப் கியர்ல வெச்சு பின்வீலை கையால முன்னும் பின்னும் அசைங்க. அசையலைன்னா திரும்ப ஊத்திட்டு காத்திருங்க. ஒரு வாரம் ஊறியும் அசையலைன்னா ஹெட்டைக் கழட்டிப் பாக்கணும், கட்டையால அடிக்கக் கூடாது.

வீல் சுத்தினதும் சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி கிளட்ச் லீவரைப் பிடிச்சுக்கிட்டு கிக்கரை மெதுவா அமுக்குங்க. எஞ்சின் கூட சேந்து சுத்துதுன்னா கிளட்ச் பிளேட்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்குன்னு அர்த்தம். அப்படியே ஸ்டார்ட் பண்ணி ஃபர்ஸ்ட் கியர் போட்டா வண்டி நேரா சுவத்துக்குப் போகும். கிளட்ச் பிடிச்சபடியே கிக்கரை அமுக்கிக்கிட்டு இருந்தா பெரும்பாலும் விட்டுடும், இல்லன்னா பிரைமரி கவரைத் திறந்து பிளேட்டைப் பிரிக்கணும்.

இப்ப எண்ணெய். புல்லட்ல அதிகம் பேர் மாட்டுறது இங்கதான். இந்த எஞ்சினுக்கு ஆயில் டேங்க் தனியா இல்ல, கிரேங்க் கேஸ் வார்ப்புக்குள்ளயே தனி அறையா இருக்கும், பம்ப்தான் அங்க இருந்து எடுத்து பிக் எண்டுக்கு (பிஸ்டன் தண்டு கிரேங்க்ல சேர்ற பேரிங்) அனுப்பி, கீழ விழுறதைத் திரும்ப டேங்க்குக்கு ஏத்தும். வண்டி ரொம்ப நாள் நின்னா டேங்க்ல இருக்கிற எண்ணெய் பம்ப் வழியா மெல்ல மெல்ல கசிஞ்சு கிரேங்க் பக்கம் இறங்கிடும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாத்தா சொட்டு கூட இருக்காது. உடனே "ஐயையோ எண்ணெயே இல்ல"ன்னு ரெண்டு லிட்டர் புதுசா ஊத்துவாங்க. உள்ள ஏற்கனவே இருந்தது, இது வேற, ஸ்டார்ட் ஆன உடனே பிரீதர்ல (எஞ்சின் காத்து விடுற குழாய்) இருந்து எண்ணெய் பீச்சும், சைலன்சர்ல வெள்ளைப் புகை தெருவையே மறைக்கும், பாத்துட்டு மெக்கானிக் ஒருத்தர் "ரிங் போச்சு, போர் பண்ணணும்"னு எஸ்டிமேட் போட்டுடுவார். ரிங்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.

அடியில ஒண்ணுக்கு மேற்பட்ட டிரெயின் பிளக் இருக்கும், எல்லாத்தையும் கழட்டி ராத்திரி முழுக்க வடிய விடுங்க. ஃபெல்ட் ஃபில்டரை மாத்துங்க, மாட்டும்போது அந்தக் குழியை எண்ணெயால நிரப்பிட்டு மூடுங்க, இல்லன்னா அது நிறையிற வரைக்கும் பிக் எண்ட் காஞ்சு ஓடும். 20டபிள்யூ50 ஊத்திட்டு, ஸ்பார்க் பிளக் இல்லாம, இக்னிஷன் ஆஃப்ல மெதுவா கிக் பண்ணிக்கிட்டே இருங்க. ஹெட்டுக்குப் போற மெல்லிசான ராக்கர் பைப்போட போல்ட்டை லேசா லூஸ் பண்ணி வெச்சா அங்க எண்ணெய் கசியும். கசிஞ்சப்புறம்தான் ஸ்பார்க் பிளக்கைப் போடணும், கசியலைன்னா பம்ப்பைக் கழட்டிப் பாக்கணும், அதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணக் கூடாது, இதுல பேரமே கிடையாது.

டேங்க்ல பழைய பெட்ரோல் இருந்தா மூக்குலயே தெரியும், புளிச்ச வார்னிஷ் வாடை வரும். அதுமேல புது பெட்ரோல் ஊத்தி "கலந்துடும்"னு நினைக்கிறது தப்பு. இப்ப பங்க்ல வர்றது பெரும்பாலும் ஈ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால், அது உள்ள படிஞ்ச பிசினையெல்லாம் கரைச்சு நேரா கார்ப்ரேட்டருக்கு அனுப்பும், தண்ணியையும் இழுக்கும், பழைய ரப்பர் டியூப், பெட்ரோல் டேப்ல (டேங்க் அடியில இருக்கிற குழாய்த் திருகு) இருக்கிற கார்க் எல்லாத்தையும் கெடுக்கும். டேங்க்கைக் கழட்டி முழுசா வடிச்சு, துரு இருந்தா வினிகர் ஊத்தி ரெண்டு நாள் விட்டு, அப்புறம் சோடா மாவுத் தண்ணியால கழுவி, உடனே காய வெச்சு கொஞ்சம் எண்ணெய் சுத்தி விடணும். காய விட்டுட்டு மறுநாள் வந்து பாத்தா திரும்ப செவப்பா துரு ஏறியிருக்கும். துருவை எடுக்காம மேலயே எபாக்ஸி கோட்டிங் ஊத்துறது இன்னும் மோசம், ஒரு வருஷத்துல அது தோல் உரிஞ்சு டேப்பை அடைக்கும்.

ஓட்டை இருக்குன்னு டேங்க்கை அப்படியே வெல்டிங் கடைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. பெட்ரோல் காலியான டேங்க்தான் ஆபத்து, உள்ள இருக்கிற ஆவி வெடிக்கும். இந்த வேலையே செய்றவங்ககிட்ட குடுங்க.

கார்ப்ரேட்டர் ஜெட் அடைச்சிருந்தா ஊசி, வயர் பிரஷ் முடி, கிதார் கம்பின்னு குத்தாதீங்க. பித்தளை, ஓட்டை பெருசாயிடும், அப்புறம் ஐடிலிங் ஜென்மத்துக்கும் நிக்காது. கிளீனர் ஸ்பிரே, காத்து, அதுலயும் போகலைன்னா புது ஜெட், விலை ஒண்ணும் பெருசில்ல.

ஸ்பார்க் வரலைன்னதும் "எலக்ட்ரானிக் கிட் போட்டுடலாம் சார்"னு யாராவது சொல்லுவாங்க. நின்ன வண்டில காண்டாக்ட் பாயிண்ட் (ஸ்பார்க்குக்காக திறந்து மூடுற சின்ன சுவிட்ச்) மேல ஒரு மெல்லிசான ஆக்ஸைடு படலம் கட்டியிருக்கும், பத்துல எட்டு தடவை அவ்வளவுதான் பிரச்சினை, இது என் அனுபவக் கணக்கு. நைஸ் ஃபைலால ரெண்டு இழுப்பு, அப்புறம் பெட்ரோல்ல நனைச்ச அட்டையை நடுவுல விட்டுத் துடைச்சு, கேப்பை 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்ள வைங்க. வயரிங்கை மட்டும் நம்பாதீங்க. எலி கடிச்சிருக்கும், டேங்க்குக்கு அடியில கண்ணுக்கே தெரியாத இடத்துல கடிச்சிருக்கும். புல்லட்ல ஆம்மீட்டர் வழியாத்தான் மொத்த கரண்ட்டும் போகும், அங்க ஷார்ட் ஆனா மொத்த வயரிங் ஹார்னஸே எரியும், அதனால பேட்டரிக்குப் பக்கத்துல ஒரு ஃபியூஸ் போட்டுட்டு அப்புறம் கனெக்ஷன் குடுங்க. அது 6 வோல்ட் வண்டியா 12 வோல்ட் வண்டியான்னு பாக்காம பேட்டரி மாட்டுறவங்களும் இருக்காங்க. எலி சைலன்சருக்குள்ளயும் ஏர் ஃபில்டர்லயும் கூடு கட்டியிருக்கும், அதையும் டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க.

டூ ஸ்ட்ரோக்காரங்களுக்கு எண்ணெய்க் கதை வேற. ஆர்எக்ஸ் 100ல தானா எண்ணெய் அனுப்புற ஆட்டோலூப் பம்ப் இருக்குங்கிறதை நம்பி நேரா ஸ்டார்ட் பண்ணிடுவாங்க, ஆனா வருஷக்கணக்கா நின்ன ஆயில் லைன்ல காத்து பூந்திருக்கும், எண்ணெய் போகாது, நாலு கிலோமீட்டர்ல பிஸ்டன் பிடிச்சுக்கும். லைன்ல காத்தை எடுங்க, எடுத்தாலும் முதல் டேங்க்குக்கு மட்டும் பெட்ரோல்லயே 2டி ஆயில் கலந்து ஓட்டுங்க, கொஞ்சம் புகை வந்தா வரட்டும். கிரேங்க் ஆயில் சீல் காஞ்சு கல்லாயிருக்கும், அது வழியா காத்து இழுத்தா மிக்ஸ்சர் லீன் ஆகி (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) எஞ்சின் சூடேறும், யெஸ்டிக்கும் இதே வியாதிதான். ஆக்சிலரேட்டரை விட்டப்புறமும் ஆர்பிஎம் இறங்காம கத்திக்கிட்டே இருந்தா முதல்ல சீலைத்தான் சந்தேகப்படணும்.

எனக்குப் பெரிய வருத்தம் ரெண்டு விஷயத்துல. ஒண்ணு, அளக்காம ரீபோர் பண்றது, அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்குறது. லேத்துக்குப் போனாலே போர் பண்ணிடலாம்னு பழகிட்டாங்க. ஸ்டாண்டர்ட் போர் இருக்கிற சிலிண்டர் இனிமே கிடைக்கிறது கஷ்டம், ஒவ்வொரு ரீபோரும் ஆயுசுல ஒரு பகுதியை வழிச்சு எடுத்துடும். போர் கேஜ் வெச்சு மேல, நடு, கீழன்னு அளந்து பாத்து லிமிட்டுக்குள்ள இருந்தா ஹோனிங்கும் (உள்சுவரை லேசா தேய்க்கிறது) புது ரிங்கும் போதும்.

ரெண்டாவது பெயிண்ட். வண்டி ஓடுமா ஓடாதான்னே தெரியாம முதல்ல டிங்கரிங், பெயிண்டிங், குரோம்னு அனுப்பிடுவாங்க, காசு அங்கயே தீந்துடும், எஞ்சின் சாக்குல கட்டி மாடிப்படிக்கு அடியில கிடக்கும், அப்புறம் "புராஜெக்ட் வண்டி விலைக்கு"ன்னு விளம்பரம். அதுலயும் டேங்க்ல கம்பெனில கையால இழுத்த தங்கக் கோடு இன்னும் இருந்துச்சுன்னா, கொஞ்சம் மங்கியிருந்தாலும் அதை அழிக்காதீங்க. பாலிஷ் போட்டுப் பாருங்க, அதுவே எழும்பி வரும்.

டயர்ல பட்டன் நல்லா இருக்குன்னு ஓட்டாதீங்க. பக்கவாட்டுல நாலு இலக்க நம்பர் பாருங்க, 2309னு இருந்தா 2009ல 23வது வாரம் செஞ்ச டயர். அப்படிப்பட்ட ரப்பர் கல்லு மாதிரி ஆயிருக்கும், மழைல பிரேக் பிடிச்சா வண்டி நிக்காது. டயர், டியூப், ரிம் டேப் மூணும் புதுசு போடுங்க. பிரேக் ஷூல லைனிங் இரும்பை விட்டு கழண்டு நிக்குதான்னு பாருங்க, ஓடும்போது கழண்டா வீல் லாக் ஆகும். பழைய லைனிங்ல அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியை வாயாலயோ கம்ப்ரஸர்லயோ ஊதாதீங்க, ஈரத்துணியால துடைங்க. கேபிள்களைப் பத்தி யோசிக்கவே வேண்டாம், மொத்தமா மாத்திடுங்க.

டேப்பட்டை (வால்வு இடைவெளி) எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் வைக்கணும், கம்ப்ரஷன் டிடிசில (ரெண்டு வால்வும் மூடி பிஸ்டன் உச்சியில இருக்கும்போது) வால்வைத் தள்ளுற புஷ்ராட் விரலால சுத்தினா சுத்தணும், மேல கீழ ஆடக் கூடாது. சத்தம் வருதுன்னு இறுக்கிட்டே போனா வால்வு மூடாம எரிஞ்சு போகும். பழைய புல்லட்ல கொஞ்சம் டிக் டிக் சத்தம் இருக்கத்தான் செய்யும்.

முதல் ரைடுக்கு ஈசிஆர் போகணும்னு ஆசை வரும், வேண்டாம். வீட்டைச் சுத்தி ஒரு அஞ்சு கிலோமீட்டர், அப்புறம் ஆற விட்டு எல்லா நட்டையும் ஒரு தடவை பாத்துடுங்க, எஞ்சின் மவுண்டிங் போல்ட், ஆக்ஸில் நட், ஸ்போக் எல்லாம். புது வண்டி ஓட்டிப் பழகினவங்களுக்கு இன்னொரு சிக்கல், இந்தப் பழைய வண்டில கியர் வலது கால்ல, ஒண்ணு மேல மூணு கீழ, பிரேக் இடது கால்ல. தலைக்குத் தெரிஞ்சாலும் நாய் குறுக்க வந்தா கால் பழைய பழக்கத்துக்கே போகும், பிரேக்னு நினைச்சு கியரைத்தான் அமுக்கும். காலி கிரவுண்ட்ல திடீர் பிரேக் போட்டுப் போட்டுப் பழகிட்டு ரோட்டுக்கு வாங்க, இன்ஷூரன்ஸ் போடாம வராதீங்க. 200 கிலோமீட்டர் ஓடினதும் எண்ணெயை மறுபடியும் வடிச்சுடுங்க, எத்தனையோ வருஷமா அடியில படிஞ்சிருந்த கசடெல்லாம் அப்பத்தான் கலங்கி வெளிய வரும், வடிச்சதுல காந்தத்தை விட்டுப் பாத்து மாவு மாதிரி தூள் ஒட்டினா பரவாயில்ல, துண்டு துண்டா ஒட்டினா வண்டியை அங்கயே நிறுத்திட்டு எஞ்சினைத் திறங்க.