தோப்புக்கு ஒன்று, மண்டிக்கு ஒன்று: பவர் கூலிங் கிளாஸோடு குடித்தனம்

மாங்கூழ் ஆலைகளுக்குக் காய் பார்த்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. வீடு காவேரிப்பட்டணம். ஏப்ரலில் ஆரம்பித்தால் ஜூலை வரை மத்தூர், போச்சம்பள்ளி, சந்தூர், பர்கூர் என்று பைக்கிலேயே பொழுது போகும். வலது கண் மைனஸ் 4.25, இடது கண் மைனஸ் 3.75, கூடவே கொஞ்சம் சிலிண்டர், அதாவது பார்வைச் சிதறலுக்கான பவர். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது தோப்புக்காரரா, அவர் கட்டி வைத்த திருஷ்டி பொம்மையா என்று அருகில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பவர் இல்லாதவர்களுக்குக் கூலிங் கிளாஸ் போட்டால் போட்டது, கழற்றினால் கழற்றியது. நமக்கு அப்படி ஓடாது. கழற்றிய அதே நொடியில் இன்னொன்றை மாட்டியாக வேண்டும். கடையில் டின்ட், ஃப்ரேம், விலை எல்லாம் சொல்வார்கள். வாசலுக்கு வாசல் மாற்றி மாட்டுகிற இந்தச் சிரமத்தை யாரும் சொல்வதில்லை. அதனால் வாங்கும்போதே, ஒரு நாளில் எத்தனை இடத்தில் வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைகிறீர்கள் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து ஆபீஸ் என்பவருக்குத் தொப்பியே போதும். மணிக்கணக்கில் வெயிலில் நிற்பவர்களுக்குத்தான் பவர் கூலிங் கிளாஸ் செலவுக்கு ஏற்ற பொருள். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை ஏறியிருப்பதைப் பார்க்கலாம். வருஷக்கணக்கான வெயிலும் தூசியும் செய்த வேலை அது. கண்புரைக்கும் புற ஊதாக் கதிருக்கும் தொடர்பு உண்டு. இது போக ரோடு இருக்கிறது. காலையில் கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் மத்தூர் பக்கம் போனால் சூரியன் நேர் முகத்தில். வேலை முடிந்து சாயங்காலம் திரும்பினால் அதே சூரியன் மேற்கே போய் மறுபடியும் முகத்தில்.

கருப்பாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். கருமை வேறு, புற ஊதாத் தடுப்பு வேறு. தடுப்பு இல்லாத கருப்புக் கண்ணாடி வெறும் கண்ணாடியை விடக் கெடுதல், ஏனென்றால் இருட்டு என்று நினைத்துக் கண்பாப்பா விரியும், விரிந்த வழியே கதிர் கூடுதலாக உள்ளே போகும். ‘யூ.வி. 400’ என்று கேட்டு வாங்குங்கள்; 400 நானோமீட்டர் வரையிலான கதிரைத் தடுக்கும் என்று அர்த்தம். பாலிகார்பனேட் வில்லையில் அந்தத் தடுப்பு இயல்பாகவே உண்டு, சட்டென்று உடையவும் உடையாது. பல கடைகளில் புற ஊதா அளக்கும் சின்னக் கருவி வைத்திருப்பார்கள், உங்கள் எதிரிலேயே வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கருமையின் அளவுக்கு 0 முதல் 4 வரை வகை இருக்கிறது. வெயில் வேலைக்கும் வண்டி ஓட்டவும் 3ஆம் வகை. வரும் வெளிச்சத்தில் 8 முதல் 18 சதவீதம்தான் உள்ளே விடும். கடையில் ‘85 சதவீத டின்ட்’ என்று கேட்டால் அந்த வரம்புக்குள் வந்துவிடும். 4ஆம் வகையைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. எனக்குக் கேட்டால், தோப்புக்குள் போகிறவர்களுக்கு 3ஆம் வகையிலேயே லேசான பக்கம்தான் தோது. வெட்டவெளியில் ஒரு வெளிச்சம், அடர்ந்த பெங்களூரா மாமரத்தடியில் வேறு வெளிச்சம்.

நிறம் என் பிழைப்போடு சம்பந்தப்பட்டது என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். பழுப்பு வில்லை கண்ணுக்கு இதமாக இருக்கும், ரோட்டில் மேடு பள்ளம் பளிச்சென்று தெரியும், ஆட்டோக்காரர்களும் டிரைவர்களும் விரும்பி வாங்குவார்கள். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு காய் பார்த்தால், இன்னும் தோள் ஏறாத, அதாவது முற்றாத பச்சைக் காயில்கூட ஒரு மஞ்சள் ஓடுகிற மாதிரி தெரியும். செந்தூரா ரக மாங்காயின் சிவப்பு இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். சாம்பல் நிறம் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் மங்க வைக்கும், எதையும் கூட்டிக் காட்டாது. துணி, காய்கறி, பழம், பெயின்ட் என்று நிறத்தை வைத்துப் பேரம் பேசுகிற எவருக்கும் சாம்பல்தான். அப்படியும் கடைசி விலை சொல்லும் முன் வெள்ளைக் கண்ணாடிக்கு, அதாவது டின்ட் இல்லாத பவர் கண்ணாடிக்கு மாறி, காயைக் கையில் எடுத்து ஒருமுறை பார்த்துவிடுவேன். நீல வில்லை, கண்ணாடி போல் மினுக்கும் வில்லை எல்லாம் கல்யாண ஆல்பத்துக்குச் சரி.

போலரைஸ்டு வாங்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர், தார் ரோடு, காரின் பானெட் போன்ற படுக்கையான பரப்பிலிருந்து தெறிக்கும் வெளிச்சத்தை அது வெட்டும். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக் கரையில் நின்று போட்டும் கழற்றியும் பாருங்கள், வித்தியாசம் உடனே புரியும். மழை பெய்து ஓய்ந்த பிறகு பெங்களூரு ரோட்டில் வெயில் அடிக்கும்போது அது போல உதவி வேறில்லை. சிக்கல்களும் உண்டு. செல்போன் திரை சில கோணத்தில் கறுத்துப்போகும், சில வண்டிகளின் டிஜிட்டல் மீட்டரும் அப்படியே, கார் கண்ணாடியில் திட்டுத் திட்டாகக் கோலம் தெரியும். தோப்பில் எனக்கு இன்னொரு இடைஞ்சல்: தத்துப்பூச்சி விழுந்த மரத்தில் இலை மேல் தேன் மாதிரி பிசுபிசுப்பு மினுங்கும், அந்த மினுக்கத்தையும் போலரைஸ்டு மங்க வைத்துவிடும். பூச்சி விழுந்த தோப்பா என்று பார்க்கப் போன இடத்தில் அது தெரியாவிட்டால் எப்படி? அதனால் என்னுடையது சாதா டின்ட். அன்றாடம் ஹைவேயில் கார் ஓட்டுகிறவராக இருந்தால் யோசிக்காமல் போலரைஸ்டு போடுவேன். கடைக்காரர் கொடுத்தது உண்மையிலேயே போலரைஸ்டுதானா என்று பார்க்க, கண்ணாடியைப் போன் திரைக்கு முன்னால் பிடித்துக் கால் வட்டம் திருப்புங்கள். பெரும்பாலான போன்களில் ஏதாவது ஒரு நிலையில் திரை கறுக்கும்.

வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் வில்லை, அதாவது ஃபோட்டோகுரோமிக், இருக்கும்போது இரண்டு கண்ணாடி எதற்கு என்று கேட்கலாம். நடந்து போகிறவர்களுக்கும், அடிக்கடி உள்ளே வெளியே போகும் ஆசிரியர்களுக்கும் அது நல்ல பொருள். அது கறுப்பதே புற ஊதாக் கதிர் பட்டுத்தான். கார் முன்கண்ணாடி அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், ஹெல்மெட்டின் வைசரும் தடுக்கும். ஆக, வண்டி ஓட்டும்போது, எப்போது வேண்டுமோ அப்போது அது அரைகுறையாகத்தான் கறுக்கும். அதுவும் போக, சூடு ஏற ஏறக் கருமை குறையும். சித்திரை வெயிலில் பர்கூர் பக்கம் நிற்கிறவருக்கு அந்தக் கருமை போதாது. நிழலுக்குள் வந்த பிறகு வெளுக்கவும் சில நிமிடம் எடுக்கும்.

மாட்டிக் கழற்றும் கிளிப் வகை மலிவு. பவர் மாறிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் கிளிப்புக்கும் வில்லைக்கும் நடுவில் தூசி போய் உட்கார்ந்தால் நல்ல கண்ணாடியும் கீறிப்போகும்.

ஃப்ரேமுக்குப் புதிதாகச் செலவு செய்யத் தேவையில்லை. வீட்டில் பழைய ஃப்ரேம் ஒன்று உடையாமல் இருந்தால் அதிலேயே டின்ட் வில்லை போடச் சொல்லுங்கள். சி.ஆர். 39 என்ற சாதாரண பிளாஸ்டிக் வில்லையைச் சூடான சாயத்தில் முக்கித்தான் நிறம் ஏற்றுகிறார்கள், சாயம் நன்றாகவே பிடிக்கும். கன்னத்தைச் சுற்றி வளையும் ஸ்போர்ட்ஸ் ஃப்ரேம்மேல் ஆசை வரும். நம் மாதிரிப் பவர்க்காரர்களுக்கு அந்த வளைவில் ஓரம் எல்லாம் இழுத்துக்கொண்டு தெரியும். மைனஸ் பவருக்கு வில்லை ஓரத்தில்தான் தடிப்பு, ஃப்ரேம் பெரிதாக ஆக அதுவும் தடிக்கும். வெயில் பக்கவாட்டில் புகாத அளவுக்குப் பெரிது, கனக்காத அளவுக்குச் சிறிது என்று நடுவில் ஒன்றைப் பிடியுங்கள். காதுக்கம்பி நேராக, மெல்லியதாக இருக்கட்டும். ஹெல்மெட்டை மாட்டிய பிறகு பக்கவாட்டில் செருகுவதற்கு அதுதான் வரும். கொக்கி மாதிரி வளைந்த கம்பி காதை அறுக்கும். இரண்டு கண்பாப்பாவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் புதிதாக அளக்கச் சொல்லுங்கள், அது தவறினால் தலைவலிதான். வில்லையின் உட்புறத்தில் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு கேளுங்கள். இல்லையென்றால் பின்னால் அடிக்கும் வெயிலில் உங்கள் கண்ணே உங்களுக்குத் தெரியும்.

நாற்பதைத் தாண்டிச் சாளேசுரம் வந்தவர்களுக்குக் கூலிங் கிளாஸிலும் பைஃபோக்கல் வேண்டுமா? என் மாதிரி மைனஸ் 4 பக்கம் உள்ளவர்களுக்கு வெறும் கண்ணிலேயே கால் மீட்டர் தூரத்தில் எழுத்து தெளிவாகத் தெரியும். எடைச் சீட்டைப் பார்க்கக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினால் போதும், ஒற்றைப் பவரிலேயே காரியம் முடிந்துவிடும். பிளஸ் பவர்க்காரர்களுக்கு இந்த வழி கிடையாது.

இனி அந்த மாற்றி மாட்டும் வேலை. வெளியே புறப்படும்போது வெள்ளைக் கண்ணாடி வீட்டில் இருக்கவே கூடாது. மத்தியானத்துக்குள் வந்துவிடலாம் என்று போன வேலை, எடை போட்டு லாரி ஏற்றி முடிக்க இருட்டிவிடும். கறுப்புக் கண்ணாடியோடு ராத்திரி பைக் ஓட்டுவதும் முடியாது, கழற்றிவிட்டு ஓட்டுவதும் முடியாது. கெட்டியான கூடு இரண்டு வாங்குங்கள், வேறு வேறு நிறத்தில். எனக்குக் கறுப்புக் கூடு வெள்ளைக் கண்ணாடிக்கு, சிவப்புக் கூடு கூலிங் கிளாஸுக்கு; பையில் இடமும் மாறாது. கண்ணாடியைக் கழற்றியவுடன் கூடு எங்கே என்று தேடக் கண் இருக்காதே, கைதான் தேட வேண்டும். சட்டைப் பொத்தானில் தொங்க விடுவதும் தலைமேல் ஏற்றி வைப்பதும் ஃப்ரேமைத் தளர்த்திவிடும். காய் பொறுக்கக் குனிந்தால் விழுந்தும் போகும். கழுத்துக் கயிறு போட்டுக்கொள்ளலாம். வாத்தியார் மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சிரிப்பாள், பரவாயில்லை.

மண்டிக்குள்ளோ ஆலை ஷெட்டுக்குள்ளோ போகும்போது வாசலிலேயே நின்று மாற்றுங்கள், மாற்றிய பிறகும் கொஞ்சம் நில்லுங்கள். இருட்டுக்குக் கண் பழக நேரம் வேண்டும், தரையெல்லாம் சாறும் தோலுமாக வழுக்கும். தொப்பூர் கணவாய் மாதிரி மேடும் வளைவுமான இடங்களில் நிழல் வருகிறதே என்று ஓடும் வண்டியில் ஒரு கையால் மாற்றாதீர்கள், ஓரம் கட்டுங்கள்.

மரியாதை விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் பெரியவர்களிடம் கறுப்புக் கண்ணாடியோடு நின்று பேசினால் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள். போட்டுக்கொண்டு போன புதிதில் ஒரு தோப்புக்காரர், “என்னப்பா, கண்ணுல ஆபரேஷனா?” என்று அக்கறையாகவே கேட்டார். புரை ஆபரேஷன் முடிந்தவர்கள்தானே இங்கே பகலெல்லாம் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார்கள். “இல்லைங்கய்யா, பவர் கண்ணாடிதான், வெயிலுக்கு” என்றேன். “அப்ப கழட்டிட்டுப் பேசு, கண்ணைப் பார்த்துத்தானே விலை பேசணும்” என்றார். கழற்றினால் அவர் முகம் எனக்குத் தெரியாது, அவர் விலையைச் சொல்லும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் என் தொழிலே. இப்போதெல்லாம் தோப்பு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே வெள்ளைக்கு மாறி, கும்பிடு போட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, “ஐயா, வெயிலுக்குக் கண்ணாடி மாத்திக்கிறேன்” என்று சொல்லிவிட்டு மாற்றுகிறேன். சாவு வீட்டுக்குப் போனால் மட்டும் வெயில் எவ்வளவு அடித்தாலும் வெள்ளைக் கண்ணாடிதான்.

தூசிக்கு வருவோம். கிரானைட் ஏற்றிய லாரிகள் ஓடும் ரோட்டில் படிவது சாதாரண மண் அல்ல. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது நம் பிளாஸ்டிக் வில்லையைவிடப் பல மடங்கு கடினம். துண்டு நுனியால், சட்டை நுனியால் துடைத்தால் ஒவ்வொரு துடைப்பும் ஒரு கீறல். முதலில் பாட்டில் தண்ணீரை ஊற்றித் தூசியைக் கழுவி விடுங்கள், பிறகுதான் துணி. சாயங்காலம் வீட்டில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, விரல் நுனி, தண்ணீர். மாங்காய்ப் பால் பட்ட கையோடு வில்லையைத் தொடாதீர்கள்.

வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைக்கவே வேண்டாம். சூட்டில் வில்லை ஒரு அளவில் விரியும், மேல் பூச்சு வேறு அளவில் விரியும்; பூச்சு சிலந்தி வலை மாதிரி விட்டுப்போகும், அதைச் சரிசெய்ய வழியில்லை. பைக் டேங்க் கவரும் அதே கணக்குதான்.

புதுக் கண்ணாடி வந்ததும் தரை சாய்ந்த மாதிரி இருக்கலாம், ஃப்ரேமின் வளைவு மாறியதால் வருவது. முதல் இரண்டு மூன்று நாள் வீட்டைச் சுற்றி நடந்து பழகிவிட்டு வண்டியை எடுங்கள். ஒரு வாரம் ஆகியும் சரியாகாவிட்டால் கடைக்கே கொண்டுபோய்ப் பவரையும் பாப்பா இடைவெளியையும் பவர் எழுதிய சீட்டோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆர்டர் கொடுப்பதை மாசியிலேயே முடித்துவிடுங்கள். சிலிண்டரோடு போலரைஸ்டு என்றால் லேபிலிருந்து வர நாளாகும். இரண்டு கண்ணாடிக்கும் ஒரே சீட்டு, ஒரே நாள் எடுத்த பவர் இருக்கட்டும். இல்லாவிட்டால் மாற்றும்போதெல்லாம் கண் திணறும். சர்க்கரை உள்ளவர்கள், அது ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் வாரத்தில் பவர் பார்க்கப் போகாதீர்கள். சர்க்கரையோடு பவரும் ஆடும். கட்டுக்குள் வந்த பிறகு பார்த்தால்தான் அந்தச் சீட்டுக்கு மதிப்பு.