ஏலத்துக்கு முன்னால் கபடிப் பையனைக் கணிப்பது

புரோ கபடி லீக் ஏலத்துக்குப் பையன்களைத் தேடிப் போகும்போது, பாலக்கோடு, அரூர்ப் பக்கம் ராத்திரி ஆட்டம் நடந்தால் நான் ஸ்கோரைப் பார்ப்பதில்லை, கால்களைத்தான் பார்ப்பேன். ரைடர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவன், போனஸ் கோட்டைத் தாண்டும்போது பின்னங்கால் தரையில் படக்கூடாது. எதிரே ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் என்ற கூடுதல் பாயிண்ட். எண்ணிவிட்டுப் போகிறானா பாருங்கள். பாதிப் பேர் எண்ணுவதே இல்லை!

கார்னரில், அதாவது தடுப்பவர்கள் வரிசையின் ஓரத்தில், நிற்பவன் என்றால் பிடியைக் கவனியுங்கள். பென்னாகரத்தில் ஒரு பையன் ரைடரின் கணுக்காலை விடாமல் நடுக்கோடு வரை மண்ணில் இழுபட்டுப் போனான். முழங்கை முழுக்க ரத்தம். பாயிண்ட் போய்விட்டது, ஆனாலும் அவனைத்தான் நோட்டில் குறித்தேன்.

அப்புறம், புரோ கபடி மண்ணில் இல்லை, மேட் (mat) என்ற விரிப்பில்தான் நடக்கிறது. மண்ணில் பறப்பவனை ஷூ போட்டு அந்த விரிப்பில் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். திரும்பும்போது சிலர் தடுமாறுவார்கள். வயது தெரிய, பிறப்புச் சான்றிதழை முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான் ஒருமுறை கேட்காமல் ஏமாந்தேன்.