"ரெண்டு மடங்கு ஆபத்து"ன்னு செய்தி வந்தா பதறாம எப்படி படிக்கறது

மொதல்ல கேக்க வேண்டியது, எதுல ரெண்டு மடங்கு? 1995ல பிரிட்டன்ல புது வகை கருத்தடை மாத்திரை சாப்பிட்டா ரத்தம் உறையுற ஆபத்து ரெண்டு மடங்காகுதுன்னு அரசு தரப்புலருந்தே எச்சரிக்கை வந்துச்சு, அது அப்படியே டிவி பேப்பர்னு பரவி நெறைய பொண்ணுங்க பயந்துபோய் மாத்திரைய நிறுத்திட்டாங்க, அடுத்த வருஷம் இங்கிலாந்து வேல்ஸ்ல மட்டும் கருக்கலைப்பு சுமார் 13,000 கூடிப்போச்சுன்னு கணக்கு சொல்றாங்க. சரி நிஜமா எவ்ளோ கூடுச்சுன்னு பாத்தா 7000 பேர்ல ஒருத்தருக்கு வந்தது ரெண்டு பேருக்கு, அவ்ளோதான். கர்ப்பமானா ரத்தம் உறையுற வாய்ப்பு இதவிட அதிகம்! பொய் யாரும் சொல்லல, சொன்ன விதம்தான் இவ்ளோ பேர கஷ்டப்படுத்துச்சு, இத நெனச்சா இன்னும் ஆத்திரமாத்தான் இருக்கு.

அதனால மடங்கு, சதவீதம் எத பாத்தாலும் "எத்தன பேர்ல எத்தன பேர்"னு மாத்தி எழுதி பாருங்க. செய்தில அந்த எண்ணிக்கையே இல்லயா, அத வெச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க, மருந்து விஷயம்னா நிறுத்தறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட கேட்ருங்க.

அடுத்து, வாக்கியத்த திருப்பிப் போட்டு பாருங்க. 100க்கு 90 பேர் பிழைக்கிறாங்கன்னா 10 பேர் சாகறாங்க, ரெண்டும் ஒண்ணுதான், ஆனா மனசு ஒண்ணா எடுத்துக்காது. 1981ல ட்வெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் நடத்துன ஆய்வுல 600 பேருக்கு உயிராபத்துன்னு வெச்சுக்கிட்டு, ஒரு திட்டத்துல 200 பேர் உறுதியா பிழைப்பாங்கன்னு சொன்னப்ப 72 சதவீதம் பேர் அத எடுத்தாங்க, அதே திட்டத்தயே 400 பேர் சாவாங்கன்னு வேற குரூப்புக்கு சொன்னப்ப 22 சதவீதம் பேர்தான் எடுத்தாங்க. படிச்சவங்களுக்கு இப்படி ஆகாதுன்னு நெனைக்காதீங்க, நுரையீரல் புற்றுநோய் சிகிச்சைய வெச்சு 1982ல வந்த ஆய்வுல டாக்டர்களுக்கும் இதேதான் நடந்துச்சு. ஆபரேஷனுக்கு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ரெண்டு மாதிரியும் ஒருதடவ வாய்விட்டு சொல்லிப் பாருங்க.

கிராஃப்னா அடிக்கோடு பூஜ்யத்துல ஆரம்பிக்குதான்னு மட்டும் பாத்துக்கோங்க, 50க்கும் 52க்கும் போட்ட பட்டைய 49லருந்து ஆரம்பிச்சா ஒண்ணு இன்னொண்ண விட மூணு மடங்கு உயரமா தெரியும்.

நீங்களே யாருக்காவது எழுதறீங்கன்னா, முக்கியமா உடம்பு விஷயம், பிழைக்கறவங்க எத்தன சாகறவங்க எத்தனன்னு ரெண்டையும் ஒரே வரில போடுங்க. சதவீதத்த மட்டும் போட்டு விட்ராதீங்க, பக்கத்துலயே மொத்தம் எத்தன பேர்னும் போட்ருங்க.