ஆய்வுச் செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையை மாற்றுவோர் கவனத்துக்கு

சர்க்கரைக்கோ பிரஷருக்கோ தினமும் மாத்திரை போடுபவர் இன்று பல வீடுகளில் இருக்கிறார். அதனால்தான் ‘இந்த மருந்து மாரடைப்பைப் பாதியாகக் குறைக்கிறது’, ‘புதிய ஆய்வில் அதிர்ச்சித் தகவல்’ போன்ற தலைப்புகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த வேகத்தில் பத்துப் பேருக்குப் போய்விடுகின்றன. படித்த கையோடு ஒருவர் மாத்திரையை நிறுத்துகிறார். இன்னொருவர் மருந்துக் கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்றை வாங்கிவருகிறார். பொய்ச் செய்தியால் வரும் கேட்டைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. முழுக்க முழுக்க உண்மையான, நேர்மையாக நடந்த ஓர் ஆய்வைத் தப்பாகப் படித்தாலும் உயிர் போகும் என்பதைத்தான் நாம் போதிய அளவு பேசவில்லை.

கொரோனா காலத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு உயிர்களைக் காப்பாற்றுகிறது என்று அறிவித்தது. நல்ல ஆய்வு, நல்ல செய்தி. ஆனால் அதன் முடிவு ஒன்றல்ல, மூன்று. வென்டிலேட்டரில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 28 நாளுக்குள் 41.4 சதவீதம் பேர் இறந்தார்கள். டெக்ஸாமெத்தசோனும் பெற்றவர்களில் 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் இறப்பு 26.2 சதவீதத்திலிருந்து 23.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. 14 சதவீதத்துக்குப் பதில் 17.8 சதவீதம் பேர் இறந்தார்கள். இந்தக் கடைசி வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் மருந்து கொடுக்க ஒரு காரணமும் அங்கே இல்லை. மக்களிடம் போய்ச் சேர்ந்ததோ ‘கொரோனாவுக்கு ஸ்டீராய்டு கேட்கும்’ என்ற ஒரே வரி. 2021 இரண்டாம் அலையில், காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலேயே வீட்டில் இருந்தபடி ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் எத்தனையோ பேர். ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை ஏற்றும், நோய் எதிர்ப்பைத் தணிக்கும். அந்த ஆண்டு கண்ணைத் தாக்கும் கருப்புப் பூஞ்சை நோய் அப்படிப் பரவியதற்குக் கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் தேவையற்ற ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கண்ணை எடுக்க வேண்டி வந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

எனவே எந்த ஆய்வுச் செய்தி வந்தாலும், யாரிடம் சோதித்தார்கள், நோயின் எந்தக் கட்டத்தில் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று தேடுங்கள். ரெக்கவரியில் கொடுத்தது மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு, ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். இந்த விவரம் இல்லாத செய்தி உங்கள் உடம்புக்குப் பொருந்துமா என்று சொல்லவே முடியாது.

இதைவிட நுட்பமான ஒரு தவறு உண்டு. படித்தவர்களும், ஒரு காலத்தில் மருத்துவர்களும்கூட அதில் விழுந்தார்கள். ரிப்போர்ட்டில் எண் சரியானால் ஆளும் சரியாகிவிட்டார் என்று எடுத்துக்கொள்வதுதான் அது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களில் சிலருக்கு இதயம் இடையிடையே தப்பாகத் துடிக்கும். அப்படித் துடிப்பவர்கள் கூடுதலாக இறப்பதும் தெரிந்திருந்தது. என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு என்ற மருந்துகள் அந்தத் தப்புத் துடிப்பை அடக்கின. இசிஜி அழகாக வந்தது. துடிப்பை அடக்கினால் மரணமும் குறையும் என்பது எவருக்கும் நியாயமாகத் தோன்றும் கணக்கு. அமெரிக்கா முன்னின்று நடத்திய ‘காஸ்ட்’ ஆய்வு அதைச் சோதித்தது. தப்புத் துடிப்பு மருந்துக்கு அடங்குகிறது என்று உறுதியானவர்களையே சேர்த்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். சராசரியாகப் பத்து மாதம். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர் இறந்தார்கள்; மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர். 1989லேயே அந்த மருந்துகளை ஆய்வில் நிறுத்திவிட்டார்கள். இசிஜியை மட்டும் பார்த்திருந்தால் அது வெற்றிகரமான சிகிச்சை.

சர்க்கரை நோயிலும் இதுபோல ஒன்று நடந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணை 6க்குக் கீழே இறக்கியே தீர வேண்டும் என்று, இதய நோய் ஆபத்து அதிகமுள்ள நடுத்தர, மூத்த வயதினரிடம் தீவிர சிகிச்சை செய்து பார்த்தது அமெரிக்க, கனடிய மருத்துவமனைகளில் நடந்த ‘அக்கார்ட்’ ஆய்வு. மொத்தம் 10,251 பேர். தீவிர சிகிச்சைப் பிரிவில் 257 பேரும், 7க்கும் 7.9க்கும் இடையே வைத்தால் போதும் என்ற பிரிவில் 203 பேரும் இறந்ததால், 2008இல் தீவிர சிகிச்சையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இதைப் படித்துவிட்டு ‘சர்க்கரையைக் குறைத்தால் ஆபத்தாம்’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். ஒப்பிட்ட பிரிவினரும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள்தான். அவர்களுடைய எச்பிஏ1சி 7.5 அளவில் இருந்தது. 10, 11 என்று வைத்திருப்பவருக்கு இந்த ஆய்வு எந்தச் சலுகையும் தரவில்லை. எழுபது வயது அப்பாவுக்கும் முப்பது வயது மகனுக்கும் ஒரே இலக்கு இருக்க வேண்டியதில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. அவரவர் இலக்கு என்ன என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

அடுத்தது சதவீதம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுக்குள் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடை, உணவு மாற்றம் என்று தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம், இரண்டையும் செய்தவர்களில் 39.5 சதவீதம். ‘நடைப்பயிற்சியால் ஆபத்து 28 சதவீதம் குறைந்தது’ என்று எழுதினாலும் சரி, ‘நூறு பேரில் பதினாறு பேர் தப்பினார்கள்’ என்று எழுதினாலும் சரி, ‘நூறு பேரில் 39 பேருக்கு நடந்தும் நோய் வந்தது’ என்று எழுதினாலும் சரி, மூன்றும் உண்மை. எதைத் தலைப்பாக்குகிறார்கள் என்பதைப் பொறுத்து நம் மனசு ஏறும், இறங்கும். மாத்திரையும் நடையும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பாகும் என்று நாமாகக் கூட்டிக்கொள்வோமே, அதுவும் இங்கே நடக்கவில்லை.

அடிப்படை எண்ணிக்கையை மறைத்த சதவீதம் எவ்வளவு பெரிய பயத்தைக் கிளப்பும் என்பதற்கு 1995 பிரிட்டன் சாட்சி. சில கருத்தடை மாத்திரைகள் இரத்தக்கட்டு (இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைந்து அடைப்பது) ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று எச்சரிக்கை வந்தது. ஏழாயிரத்தில் ஒருவர் என்பது ஏழாயிரத்தில் இருவர் ஆனது, அதற்குத்தான் ‘இரட்டிப்பு’. பயந்துபோய்ப் பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள், விரும்பாத கருவும் கருக்கலைப்பும் கூடின. கர்ப்ப காலத்தில் இரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம்.

‘நான் சாப்பிட்டேன், எனக்குக் கேட்டது’ என்பது நம் ஊரில் வெகு நாளாக நம்பும் சான்று. சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மூட்டுவலி போன்றவை தாமாகவே ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியம் தேடுவோம், பிறகு இறங்குவதற்கான பெருமை வைத்தியத்துக்குப் போகும். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்குக் கருவி நுழைத்து மூட்டைச் சுத்தம் செய்தார்கள். இன்னொரு பகுதியினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டாண்டு பார்த்ததில் உண்மையான அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்குக் கூடுதல் நிவாரணம் எதுவும் இல்லை. ஒப்பிட ஒரு குழு இல்லாத ‘ஆய்வு’, எத்தனை பேர் குணமானதாகச் சொன்னாலும், எனக்குப் போதாது.

ஒப்பீடு இருந்தும் அது குலுக்கல் முறையில் இல்லாவிட்டால் இன்னொரு சிக்கல். உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கனி சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் கண்டன. அதை மாத்திரையாக்கி ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் சோதித்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்ததாக 1994இல் தெரிந்தது. காய்கனி சாப்பிடுபவர்கள் வேறு பல விதங்களிலும் வேறுபட்டவர்கள். ‘வைட்டமின்தானே, என்ன செய்துவிடும்’ என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம். ஆய்வகத் தட்டில் வைரஸைக் கொன்றது, எலியிடம் வேலை செய்தது என்ற செய்திகளைப் படித்துவிட்டுக் கடந்துவிடுங்கள். ஆய்வகத்தில் வைரஸைத் தடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து, மருத்துவமனையில் கொரோனா நோயாளிகளின் இறப்பைக் குறைக்கவில்லை.

இவ்வளவு சொன்னதும் ‘அப்படியானால் ஆய்வெல்லாம் கம்பெனிக்காரன் வேலை’ என்று ஒதுக்குவதும் தவறுதான், அதிலும் பெரிய தவறு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மற்றதற்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்தது. நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். வீட்டாருக்கு அதனால் தொற்று கூடவும் இல்லை. 1959இல் வந்த அந்த முடிவு, உலகெங்கும் காசநோயாளிகள் குடும்பத்தைப் பிரியாமல் சிகிச்சை பெற வழி திறந்தது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் வளர்ச்சி. அன்று சம்மதித்த ஏழை நோயாளிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

உங்களையோ உங்கள் வீட்டாரையோ ஓர் ஆய்வில் சேரச் சொன்னால் பயந்து ஓட வேண்டாம், இலவச சிகிச்சை என்று கண்ணை மூடிக் கையெழுத்திடவும் வேண்டாம். புது மருந்து உங்களுக்குத்தான் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஒப்பீட்டுப் பிரிவிலும் விழலாம். இந்தியாவில் மருந்து ஆய்வுகள் தொடங்கும் முன் சிடிஆர்ஐ (CTRI) என்ற அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதன் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம், பதிவெண்ணைக் கேட்டு வாங்குங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்ததா, பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் தருவார்கள் என்பதெல்லாம் தமிழில், உங்களுக்குப் புரியும்படி சொல்லப்பட வேண்டும். நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஒப்புதல் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று கேளுங்கள். கையெழுத்திட்ட பின் அதன் பிரதி ஒன்றை வாங்கி மருந்துச் சீட்டுகளோடு வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.